எலியில் வென்ற மூலிகை மனிதரில் வெல்லுமா? அல்சைமர் ஆராய்ச்சியும் மஞ்சளின் கணக்கும்

புதுடெல்லி: ரோஸ்மேரி, சேஜ் ஆகிய மணமூட்டும் செடிகளில் உள்ள கார்னோசிக் அமிலத்தை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு சேர்மம், அல்சைமர் நோயின் அறிகுறிகள் கொண்ட சுண்டெலிகளின் நினைவாற்றலை மேம்படுத்தியதாக அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனம் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்தது. மூளையில் நரம்பிணைப்புகளின் எண்ணிக்கை கூடியது, அழற்சி தணிந்தது, நோயின் அடையாளமான புரதப் படிவுகளும் குறைந்தன என்று அந்த ஆய்வு கூறியது. இத்தகைய செய்தி வெளியாகும் ஒவ்வொரு முறையும் இந்திய வாசகர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. அப்படியானால், நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மஞ்சள் என்ன செய்யும்?

இது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. எய்ம்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் பங்கேற்ற 'லாசி-டாட்' ஆய்வின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர் மறதி நோயுடன் வாழ்கின்றனர். எண்ணிக்கையில் இது சுமார் 88 லட்சம். 2036-இல் இது 1.69 கோடியை எட்டக்கூடும் என்று அதே ஆய்வு கணித்துள்ளது. மறதி நோய்க்குக் காரணங்கள் பல. உலக அளவில் 60 முதல் 70 சதவீதம் வரையிலான நேர்வுகளுக்கு அல்சைமரே காரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

மறுபுறம், மருத்துவரிடம் உள்ள ஆயுதங்களோ மிகச் சில. டோனெபெசில் போன்ற பழைய மாத்திரைகள் அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கும். அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானமாப் என்னும் ஊசி மருந்து, நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம் 18 மாதங்களில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. அறிமுகத்தின்போது அங்கு அதன் விலை ஆண்டுக்கு 26,500 டாலர். மூளையில் வீக்கமும் சிறு கசிவுகளும் ஏற்படும் ஆபத்து இருப்பதால், அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்துவிட்ட தாயை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பம் மூலிகையின் பக்கம் திரும்புவதை யாரும் குறைகூற முடியாது. அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்லப்படுகிறது என்பதே இங்கு ஆராய வேண்டியது.

அணைக்க வேண்டிய நெருப்பா?

அலோய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதலாக விவரித்தபோது, நோயாளியின் மூளையில் படிவுகளையும் முடிச்சுகளையும் கண்டார். நரம்புச் செல்களைச் சூழ்ந்திருக்கும் கிளியா செல்களில் ஏற்பட்டிருந்த மாற்றத்தையும் அவர் குறித்து வைத்தார். படிவுகள் அமிலாய்டு என்றும் முடிச்சுகள் டாவ் புரதம் என்றும் பின்னாளில் அடையாளம் காணப்பட்டன. ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் இவ்விரண்டின் பின்னேயே சென்றது. கிளியா செல்களின் பக்கம் அறிவியலின் கவனம் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின.

கிளியா வகைகளில் ஒன்றான மைக்ரோக்ளியா, மூளையின் காவலரும் துப்புரவாளருமாகப் பணிபுரிகிறது. அமிலாய்டு சேரும் இடத்தை நோக்கி அது விரைகிறது, படிவை விழுங்க முயல்கிறது. அந்த முயற்சி ஆண்டுக்கணக்கில் நீளும்போது, அதே செல்கள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை ஓயாமல் சுரந்து, அருகிலுள்ள நலமான நரம்பிணைப்புகளையும் சிதைக்கத் தொடங்குகின்றன. இந்த அழற்சியைத் தணித்தால் நோயின் வேகத்தைக் குறைக்கலாம் என்பதே தாவரச் சேர்மங்களின் மீதான நம்பிக்கைக்கு அடிப்படை.

இந்தக் கருத்துக்கு வலுவான தொடக்கமும் கிடைத்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 55 வயதைக் கடந்த 6,989 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2001-இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரைகளை உட்கொண்டவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு 80 சதவீதம் குறைவாக இருந்தது. வியக்கத்தக்க எண்தான். ஆனால் மாத்திரையும் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது கதை மாறியது. அமெரிக்காவில் 70 வயதைக் கடந்த, குடும்பத்தில் நோய் வரலாறு கொண்ட சுமார் 2,500 பேரிடம் நாப்ராக்சன், செலிகாக்சிப் மருந்துகள் சோதிக்கப்பட்டன. இதய நலன் குறித்த அச்சத்தால் 2004 டிசம்பரில் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. பின்னர் வெளியான முடிவுகளில் பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை.

பத்தாண்டுகள் கழித்து மரபணு ஆய்வு மேலும் ஒரு சிக்கலைக் காட்டியது. மைக்ரோக்ளியா செல்களை இயக்கும் டிரெம்2 என்னும் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உடையவர்களுக்கு நோய் வரும் அபாயம் பல மடங்கு கூடுவது 2013-இல் உறுதிசெய்யப்பட்டது. அந்த மாற்றம் காவல் செல்களைத் தூண்டுவதில்லை, அவற்றைச் சோம்பச் செய்கிறது. அதாவது, காவல் செல்கள் அடங்கியிருப்பதும் ஆபத்து, அடங்காமல் இருப்பதும் ஆபத்து. 'அழற்சி எதிர்ப்பு' என்ற சொல்லைப் புட்டியின் மேல் அச்சிடுவோர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதே இல்லை.

மஞ்சளின் கணக்கு

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுலகின் மையத்துக்கு வந்ததும் அதே 2001-இல்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள், அல்சைமர் மரபணு புகுத்தப்பட்ட எலிகளின் உணவில் குர்குமினைச் சேர்த்தபோது அமிலாய்டும் அழற்சியும் குறைந்ததைக் கண்டனர். தற்செயலாக, டெல்லியை அடுத்த ஹரியாணாவின் பல்லப்கர் கிராமப்புறத்தில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவும் அவ்வாண்டே வெளியானது. 65 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்குப் புதிதாக அல்சைமர் ஏற்படும் விகிதம் அங்கு 4.7. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பென்சில்வேனியாவின் மொனாங்கஹீலா பள்ளத்தாக்கில் அது 17.5.

எலியையும் பல்லப்கரையும் ஒரே வரியில் சேர்த்து எழுத அதிக நேரம் ஆகவில்லை. இந்தியர் மஞ்சள் உண்கிறார்கள், ஆகவே அவர்களுக்கு மறதி வருவதில்லை என்ற வாசகம் உலகைச் சுற்றியது. பல்லப்கர் ஆய்வாளர்களோ தங்கள் முடிவை மஞ்சளோடு இணைக்கவில்லை. குறைந்த ஆயுட்காலம், நோய் வந்தபின் குறைந்த காலமே உயிர்வாழ்தல், கண்காணிப்புக் காலத்தின் குறுக்கம் ஆகியவற்றையே சாத்தியமான காரணங்களாக அவர்கள் எண்ணிப் பார்த்தனர். லாசி-டாட் மதிப்பீட்டிலோ மறதி நோய் நகர்ப்புறத்தைவிடக் கிராமப்புறத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். கிராமத்துப் பெண்கள் மஞ்சளைத் தவிர்த்து வாழ்ந்தவர்கள் என்று எவரும் வாதிட மாட்டார்கள்.

அளவையும் பார்க்க வேண்டும். மஞ்சள் தூளின் எடையில் குர்குமின் சராசரியாக 3 சதவீதம். அமெரிக்காவில் 36 நோயாளிகளிடம் 24 வாரங்கள் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான சோதனையில் கொடுக்கப்பட்டது நாள் ஒன்றுக்கு 2 கிராம் அல்லது 4 கிராம் குர்குமின். 2 கிராம் குர்குமினைச் சமையலறையிலிருந்து பெற ஏறக்குறைய 65 கிராம் மஞ்சள் தூள், அதாவது இருபதுக்கும் மேற்பட்ட தேக்கரண்டிகள், தினமும் தேவை. (அத்தகைய சாம்பாரை வாயில் வைக்க முடியுமா என்பது வேறு.) அவ்வளவு செறிவாகக் கொடுத்தும் போலி மாத்திரை உண்டவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. ரத்தத்தில் குர்குமின் மிக மிகக் குறைந்த அளவிலேயே இருந்தது. ஹாங்காங்கில் 34 பேரிடம் ஆறு மாதங்கள் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான சோதனையும் பயன் எதையும் காட்டவில்லை.

காரணம் குர்குமினின் இயல்பிலேயே உள்ளது. அது நீரில் எளிதில் கரைவதில்லை. குடலில் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் விரைந்து மாற்றி வெளியேற்றுகிறது. உடலின் கார அமில அளவையொத்த கரைசலில் சில நிமிடங்களிலேயே சிதைகிறது. எஞ்சியது மூளையைக் காக்கும் ரத்தத் தடுப்பைத் தாண்ட வேண்டும். போதாக்குறைக்கு, அதன் மஞ்சள் நிறமும் ஒளிர்வுத் தன்மையும் ஆய்வகக் கருவிகளையே ஏமாற்றுவதுண்டு. எந்தப் புரதத்துடன் சோதித்தாலும் பயன் இருப்பதுபோல் தோற்றம் தரும் மூலக்கூறுகளின் பட்டியலில் குர்குமினை வேதியியலாளர்கள் சேர்த்துள்ளனர். 2017-இல் வெளியான விரிவான மீளாய்வு ஒன்று, 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பின்னும், போலி மாத்திரையுடன் இருபுற மறைப்பு முறையில் ஒப்பிட்டு நடத்தப்பட்ட எந்தச் சோதனையும் வெற்றி பெற்றதாகக் கொள்ள இயலாது என்று கடுமையாகவே எழுதியது.

மிளகைச் சேர்த்தால் இக்குறை தீரும் என்பது பரவலான நம்பிக்கை. இதன் மூலம் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பங்கேற்று 1998-இல் வெளியான ஆய்வு. 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு உயர்ந்தது. ஏறக்குறையச் சுழியமாக இருந்த ஒன்றின் 20 மடங்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பைப்பரின் இதைச் செய்வது கல்லீரல் நொதிகளைத் தடுப்பதன் வழியே. அதே நொதிகள்தான் வேறு பல மருந்துகளையும் வெளியேற்றுகின்றன. ரத்த அழுத்தத்துக்கான புரோபிரனலால், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன் ஆகியவற்றின் அளவு பைப்பரினால் ரத்தத்தில் உயர்வது மனிதரிடமே காணப்பட்டுள்ளது. மறதி நோயாளிகளில் எத்தனை பேர் வேறு மாத்திரை எதுவும் உட்கொள்ளாதவர்கள்?

இவ்வளவுக்குப் பின்னும் குர்குமினை முற்றாகத் தள்ளிவிட இயலாமல் செய்யும் முடிவும் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் மறதி நோய் இல்லாத 40 பேரிடம், எளிதில் உறிஞ்சப்படும் வடிவில் குர்குமின் 90 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை என 18 மாதங்கள் கொடுக்கப்பட்டது. 2018-இல் வெளியான அதன் முடிவில் குர்குமின் பெற்றவர்களின் நினைவாற்றலும் கவனமும் மேம்பட்டிருந்தன. நோய் முற்றிய பின்னர் கொடுப்பதும், தொடங்கும் முன் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இது குறிப்பாக இருக்கலாம். 40 பேர் என்பது தற்செயலைத் தாண்ட முடியாத சிறு எண்ணாகவும் இருக்கலாம். இரண்டில் எது சரி என்பதை ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட சோதனையால் மட்டுமே தீர்க்க முடியும்.

பெரிய சோதனைகள் சொன்னது

அத்தகைய பெரிய சோதனையை எதிர்கொண்ட தாவரச் சாறு உண்டு. அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேருக்கு ஜிங்கோ இலைச் சாறு நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் வீதம் சராசரியாக ஆறு ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. மறதி நோயை அது தடுக்கவில்லை என்று 2008-இல் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் 119 நோயாளிகளிடம் ஓராண்டு சோதிக்கப்பட்டபோது, அழற்சிக் குறியீடு ஒன்று குறைந்தது. ஆனால் மூளையின் கன அளவு, போலி மாத்திரை பெற்றவர்களைவிட இவர்களிடம் கூடுதலாகச் சுருங்கியிருந்தது. வீக்கம் வடிந்ததன் விளைவா, வேறு ஏதேனுமா என்ற விவாதம் ஓயவில்லை.

கடற்பாசிச் சர்க்கரையிலிருந்து தயாரிக்கப்பட்ட ஒரு மருந்துக்குச் சீனா 2019 நவம்பரில் நிபந்தனையுடன் ஒப்புதல் அளித்தது. குடல் நுண்ணுயிர்களைச் சீரமைத்து மூளை அழற்சியைத் தணிப்பதாக அதன் தயாரிப்பாளர்கள் கூறினர். ஆதாரம், 818 நோயாளிகளிடம் 9 மாதங்கள் நடந்த ஒரே சோதனை. பல நாடுகளில் தொடங்கப்பட்ட உறுதிப்படுத்தும் சோதனை 2022-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. அரசின் முத்திரை ஆதாரத்தை முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியா கவனிக்க வேண்டிய உதாரணம் இது.

தாவரங்களால் அல்சைமருக்கு எதுவுமே கிடைத்ததில்லை என்று இதற்குப் பொருள் அல்ல. பனித்துளிப் பூச்செடியிலிருந்து 1950-களில் பிரித்தெடுக்கப்பட்ட கேலண்டமைன் 2001-இல் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது, இந்தியாவிலும் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அது அழற்சியைத் தணிப்பதன் மூலம் வேலை செய்வதில்லை, நோயைக் குணப்படுத்துவதுமில்லை. ஆயினும் செடியிலிருந்து ஒரே மூலக்கூறைப் பிரித்து, அளவை வரையறுத்து, ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த பின்னரே அது மருந்தானது.

இந்திய ஆய்வகங்களும் இப்பாதையில் முதல் அடியை எடுத்து வைத்துள்ளன. ஹரியாணாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், அமுக்கிரா எனப்படும் அஸ்வகந்தா வேரின் சாற்றை 30 நாள்கள் கொடுத்தபோது எலிகளின் நடத்தைக் குறைபாடு மாறியதாகவும், அமிலாய்டு குறைந்ததாகவும் 2012-இல் அறிவித்தது. அதில் வியப்பூட்டியது, சாறு வேலை செய்த இடம் மூளை அல்ல, கல்லீரல். அங்கு ஒரு புரதத்தைப் பெருக்கி, ரத்தத்தின் வழியாக அமிலாய்டை மூளையிலிருந்து இழுத்தது. உலகத் தரம் வாய்ந்த கண்டுபிடிப்பு. எலிக்கு அடுத்த படி ஏறுவதற்கான செலவை யார் ஏற்பது என்பதில்தான் இத்தகைய ஆய்வுகள் நிற்கின்றன.

இயற்கையில் உள்ள பொருளுக்குக் காப்புரிமை பெறுவது கடினம். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(பி) பிரிவு பாரம்பரிய அறிவைக் காப்புரிமைக்கு வெளியே நிறுத்துகிறது. மஞ்சளின் புண்ணாற்றும் குணத்துக்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை, அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் போராடி 1997-இல் நீக்கச் செய்தது. அது நியாயமான வெற்றி. அதன் மறுபக்கம், எவருக்கும் உரிமை இல்லாத பொருளைப் பல நூறு கோடி செலவிட்டுச் சோதிக்க எந்த நிறுவனமும் முன்வராது. எனவேதான் ஆய்வகங்கள் இயற்கை மூலக்கூறைச் சற்றே மாற்றுகின்றன. ஸ்கிரிப்ஸ் நிறுவனம் சோதித்ததும் ரோஸ்மேரி இலை அல்ல. விரைவில் கெட்டுவிடும் கார்னோசிக் அமிலத்தை நிலைப்படுத்தி, குடலில் மீண்டும் அதே அமிலமாக மாறும்படியும், அழற்சி உள்ள இடத்திலேயே செயலூக்கம் பெறும்படியும் வடிவமைக்கப்பட்ட சேர்மம் அது. கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் குர்குமினை முன்மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்ட ஜே147-உம் இவ்வகையே.

புட்டிக்குள் இருப்பது

சோதனைக்கும் சந்தைக்கும் இடையிலான இந்த வெற்றிடத்தை நிரப்புவது துணை உணவு வியாபாரம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இத்தகைய மாத்திரைகளின் உறையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். மூளை நோய்களைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தையும் விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. செவ்விய ஆயுர்வேத, சித்த நூல்களில் கூறப்பட்ட மருந்துகளுக்கு உரிமம் பெற நூல் ஆதாரமே போதுமானது, புதிய மனிதச் சோதனை தேவையில்லை. இவ்வகை மருந்துகளின் விளம்பரங்களுக்கு முன் அனுமதி கோரிய 170-ஆம் விதி 2018-இல் வந்தது. 2024 ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம் அதை நீக்கியது, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது, 2025 ஆகஸ்டில் வழக்கு முடிக்கப்பட்டபோது தடையும் விலகியது. சட்டம் அலைபாய்ந்தாலும் விற்பனை அலைபாயவில்லை.

'இயற்கையானது, தீங்கில்லை' என்ற வாதமும் முழு உண்மை அல்ல. அமெரிக்காவில் மருந்துகளால் நேரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவமனைக் கூட்டமைப்பு, மஞ்சள் மாத்திரைகளுடன் தொடர்புடைய 10 நேர்வுகளைப் பதிவு செய்தது. ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். எழுவரிடம் ஒரே மரபணு வகை காணப்பட்டது. சமையலில் சேரும் மஞ்சளைப் பற்றிய எச்சரிக்கை அல்ல இது, செறிவூட்டிய மாத்திரையைப் பற்றியது. சமையல் மஞ்சளுக்கு வேறு ஆபத்து உண்டு. நிறம் கூட்டுவதற்காகக் கலக்கப்படும் லெட் குரோமேட் என்னும் ஈயச் சேர்மம், பாட்னா, குவாஹாட்டி சந்தைகளின் மாதிரிகளில் அனுமதி வரம்பை வெகுவாக மீறி இருந்ததை 2024-இல் வெளியான தெற்காசிய ஆய்வு காட்டியது. ஈயம் மூளையைத் தாக்கும் நஞ்சு. மூளையைக் காக்கும் என்று நம்பி உண்ணும் தூளிலேயே அது சேர்கிறது.

நோயாளியைப் பராமரிப்போர் மூலிகை மாத்திரை எதையேனும் ஏற்கெனவே கொடுத்துவந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது அவசியம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கு இது இன்னும் முக்கியம். செவித்திறன் குறைவு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் மறதி நோயின் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024-இல் லான்செட் ஆணையம் மதிப்பிட்டுள்ளது. அப்பட்டியலில் மூலிகை எதுவும் இல்லை. காது கேட்கும் கருவி உண்டு.

உலக மஞ்சள் உற்பத்தியில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தியாவுடையது. 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய மஞ்சள் வாரியம் தெலங்கானாவின் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2025 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. 2030-க்குள் 100 கோடி டாலர் ஏற்றுமதி என்பது அரசின் எதிர்பார்ப்பு. மஞ்சளின் உடல்நலப் பயன்கள் மீதான உலக ஆர்வத்தைப் பயன்படுத்திப் புதிய தயாரிப்புகளுக்கான ஆராய்ச்சியை ஊக்குவிப்பதும் வாரியத்தின் பணிகளில் ஒன்று. நினைவு தவறத் தொடங்காத, ஆனால் தவறும் வாய்ப்புள்ள சில ஆயிரம் முதியவர்களை, அளவிடப்பட்ட குர்குமினுடனும் போலி மாத்திரையுடனும் சில ஆண்டுகள் தொடரும் சோதனைக்கு அந்த ஆராய்ச்சி நிதியில் இடம் உண்டா என்பதை வாரியமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும்தான் சொல்ல வேண்டும்.